பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆர்: இல்லாத வண்டியைப் பற்றிச் சில கணக்குகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்த பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆர் சைக்கிள் எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவைத்து மூன்று வருஷம் ஆகிறது. எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "எதுக்குப்பா அந்தத் துருப்பிடிச்ச வண்டி? அலுமினிய ஃப்ரேம், 21 கியர், டிஸ்க் பிரேக்கோட புதுசே வாங்கலாமே?" வாங்கலாம். வாங்கியும் ஆச்சு, பால்கனியில் நிற்கிறது. நல்ல வண்டிதான், ஆனா அது வேற வண்டி. எந்த வகையில் வேற என்று அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்ததன் விளைவு இந்தப் பதிவு.

முதலில் என் வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. லஸ் பக்கம் ஒரு கடை. அப்போதெல்லாம் சைக்கிள் கடைக்குப் பாகம் பாகமாகத்தான் வரும். நாம் போய் நின்றால் கண்ணெதிரே பூட்டித் தருவார்கள். ஸ்டாண்டு, கேரியர், பெல், பூட்டு, டைனமோ எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பில்லில் ஃப்ரேம் நம்பரை எழுதித் தருவார்கள், வண்டி திருட்டுப் போனால் ஸ்டேஷனில் காட்ட அது வேண்டும். அப்பா அந்த பில்லை ரேஷன் கார்டோடு சேர்த்து பத்திரமாக வைத்திருந்தார். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

வண்டி இல்லை. 2002-இல் நான் வெளிநாட்டில் வேலையில் இருந்தேன். அப்பா அம்மா குடியிருந்த ஃப்ளாட்டில், மாடிப்படிக்குக் கீழே நின்ற பழைய சைக்கிள்களை அசோசியேஷன்காரர்கள் ஒருநாள் மொத்தமாகக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். நோட்டீஸ் ஒட்டினோம் என்றார்களாம். அந்த வாரம் அப்பா ஊரிலேயே இல்லை. பல வருஷம் கழித்து அவர்களுடைய வரவு செலவு நோட்டைப் புரட்டும் வாய்ப்பு கிடைத்தது (எனக்கு இந்த மாதிரி நோட்டுகளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது). "பழைய சைக்கிள் 5 - ரூ. 430" என்று ஒரு வரி. ஆக, தலைக்கு 86 ரூபாய். அப்பா இதை என்னிடம் ஃபோனில் சொல்வதற்கே ஆறு மாசம் ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பி.எஸ்.ஏ என்பது பர்மிங்ஹாமில் 1861-இல் துப்பாக்கி செய்பவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பதன் சுருக்கம்தான் பெயர். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய படம் அவர்களுடைய முத்திரை. துப்பாக்கிக்கு ஆர்டர் குறைந்த காலத்தில் சைக்கிள் பக்கம் வந்தார்கள். பிறகு 1957-இல் சைக்கிள் வியாபாரத்தை ராலேவுக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ராலே 1960-இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பெரிய குழுமத்துக்குள் போனது. அந்தக் குழுமம் அதற்கு முன்பே, 1949-இல், முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து சென்னையில் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தது. அதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். 1951-இல் அங்கிருந்து முதலில் வெளிவந்தது ஹெர்குலிஸ். பிலிப்ஸும் பி.எஸ்.ஏவும் அந்தத் தொழிற்சாலையின் மற்ற இரண்டு பெயர்கள். நம் தாத்தாக்கள் ஜென்மப் பகையாளிகள் போல 'ஹெர்குலிஸா, பிலிப்ஸா' என்று திண்ணையில் சண்டை போட்டார்களே, இரண்டும் ஒரே கேட்டிலிருந்து வந்த வண்டிகள்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. டியூப் பைப்புகளுக்காக 1955-இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. செயினுக்காக 1960-இல் டி.ஐ. டயமண்ட் செயின். இது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் டயமண்ட் கம்பெனியின் கூட்டு. ரைட் சகோதரர்கள் தங்கள் முதல் விமானத்தின் புரொபெல்லரைச் சுழற்றப் பயன்படுத்தியது அந்தக் கம்பெனியின் செயினைத்தான். விளக்குக்கும் டைனமோவுக்கும் டி.ஐ. மில்லர். சீட்டுக்கு ரைட் சாடில்ஸ் (இந்த ரைட்டுக்கும் அந்தச் சகோதரர்களுக்கும் சம்பந்தமில்லை). பெயர்தான் பர்மிங்ஹாம், மற்றபடி என் வண்டி சுத்தமான மெட்ராஸ்காரன். இங்கிலாந்தில் ராலேயே 2002-இல் நாட்டிங்காமில் சைக்கிள் பூட்டுவதை நிறுத்திவிட்டது.

போன வருஷம் அடையார் இந்திரா நகரில் ஒரு தெருவில் அப்படியொரு வண்டியைப் பார்த்தேன். இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. பெயிண்ட் போய்விட்டது, மட்கார்டு மாற்றியிருந்தார்கள். ஆனாலும் ஃப்ரேமைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் வண்டியில் நம்பர் சீட் பைப்பின் மேல் முனையில் அடித்திருக்கும். வேட்டி மடித்துக் கட்டிய ஒரு ஐம்பது வயதுக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து கைக்குட்டையால் துடைத்துப் படித்தேன். என் நம்பர் இல்லை.

"என்ன சார் பாக்கறீங்க?"

சொன்னேன். சிரித்தார். விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"எங்கப்பா ஓட்டினது சார். விக்கறதா இல்ல. வேணா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

போய்விட்டு வந்தேன். அப்புறம் அனுமதி கேட்டு, டேப் வைத்து அளந்து, பல்லையெல்லாம் எண்ணிக் குறித்துக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார், பரவாயில்லை. கீழே வரும் எண்கள் அந்த வண்டியிலிருந்து எடுத்தவை.

முதலில் சக்கரம். டயரில் 26 × 1⅜ என்று போட்டிருக்கும். இன்றைய மவுண்டன் பைக் டயரிலும் 26 என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்து டயர் வாங்கினால் மாட்டவே மாட்டாது. 26 அங்குலம் என்பது ஆதியில் காற்றடித்த டயரின் வெளி விட்டம். டயரின் தடிமனுக்கு ஏற்ப உள்ளே ரிம் மாறும். எஸ்.எல்.ஆரின் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீட்டர். மவுண்டன் பைக்கில் அது 559. பெரிய ரோட்ஸ்டர், அதாவது பால்காரர் வண்டி, 28 × 1½, அங்கே 635. இந்த அங்குலக் குழப்பத்தையெல்லாம் அட்டவணை போட்டுத் தெளிவாக்கி இணையத்தில் வைத்தவர் ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க மெக்கானிக். 2008-இல் இறந்துவிட்டார். பழைய சைக்கிளைத் தோண்டுகிற எவனும் அவருக்குக் கடன்பட்டவன்.

முன்னால் பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்று. டயரோடு சேர்த்து விட்டம் 664 மி.மீ., ஆக சுற்றளவு சுமார் 2.09 மீட்டர். பெருக்கினால் ஒரு மிதிக்கு 5.1 மீட்டர். நிமிஷத்துக்கு 50 சுற்று, அதாவது பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம், 15 கி.மீ. கொடுக்கும். இதே பல் எண்ணிக்கையில் பால்காரர் வண்டி ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். அதிக தூரம், ஆனால் அதற்கேற்ப கால் அழுத்தமும் ஏழெட்டு சதவீதம் அதிகம். வண்டியின் எடையும் கூட. குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்கு அந்த வித்தியாசம் தொடையில் பதிந்திருக்கும்.

இந்த ஒரே ஒரு கியர், மாற்ற முடியாத கியர், எனக்கு எப்போதும் ஒரு புதிராகவே இருந்தது. பால்கனி வண்டியில் 21 இருக்கிறது, நான் பயன்படுத்துவது மூன்று. எஸ்.எல்.ஆரில் ஒன்று இருந்தது, போதவில்லை என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. ஏன்?

என் வழக்கமான பாதைகள் இரண்டு. காலையில் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து லஸ், ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு, மவுண்ட் ரோட்டைக் கடந்து தியாகராய ரோடு வழியாக பாண்டி பஜார், பனகல் பார்க். பள்ளிக்கூடம் தி.நகரில். சாயங்காலம் வாரத்தில் மூன்று நாள் மந்தைவெளி, திரு.வி.க. பாலம் வழியாக அடையார் காந்தி நகருக்கு ஃபிசிக்ஸ் டியூஷன். இந்த மொத்த நிலப்பரப்பும் தோசைக்கல் மாதிரி தட்டை. கடலோர மணல் மேட்டில் கட்டிய ஊரில் வேறென்ன இருக்கும்? அன்றைக்கு என் வழியில் இருந்த ஒரே ஏற்றம் அடையாற்றின் மேல் 1973-இல் கட்டிய அந்தப் பாலம்தான். தி.நகர் உஸ்மான் ரோடு போன்ற மேம்பாலங்களெல்லாம் நான் காலேஜ் முடிக்கிற சமயத்தில் வந்தவை.

ஏற்றம் இல்லாத ஊரில் மலைக்குப் பதில் இருப்பது காற்று. கணக்கு இதோ. அன்றைய நான் 50 கிலோ, வண்டியை 18 என்று வைப்போம், புத்தகப்பை 4. மொத்தம் 72. டயர் உருள்வதால் வரும் தடை சுமார் 5.6 நியூட்டன். நிமிர்ந்து உட்கார்ந்து 15 கி.மீ. வேகத்தில் போனால் காற்றுத் தடை சுமார் 6 நியூட்டன். கூட்டி, வேகத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 50 வாட். பயிற்சி எதுவும் இல்லாத ஆரோக்கியமான ஆள் 75 வாட்டை மணிக்கணக்கில் தர முடியும். ஆக இது உலாப் போவது போல.

இப்போது 15 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று வீசட்டும். உடலில் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கு, எனவே அதன் தடை நான்கு மடங்கு, 24 நியூட்டன். அதே 15-இல் போக வேண்டுமென்றால் 120 வாட்டுக்கு மேல் வேண்டும். பையனால் அரை மணி நேரம் முடியாது. ஆனால் வேகத்தை 10-க்குக் குறைத்தால்? கிட்டத்தட்ட 60 வாட் போதும். உடம்பு இந்தக் கணக்கைக் கேட்காமலே போட்டுவிடும். கடல் காற்று எழுந்த மாலைகளில் டியூஷனுக்குப் பத்து நிமிஷம் தாமதமாவது இதனால்தான். சாருக்கு இந்த விளக்கம் அப்போது தெரிந்திருந்தால் ரசித்திருப்பார். ஜூன், ஜூலையில் நிலைமை இன்னும் விசேஷம். காலையில் தென்மேற்குப் பருவக்காற்று நிலத்திலிருந்து, மேற்கிலிருந்து வீசும். நான் மேற்கே தி.நகருக்குப் போகிறேன். பிற்பகலில் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். நான் கிழக்கே மயிலாப்பூருக்குத் திரும்புகிறேன். "போகும்போதும் எதிர்க்காத்து, வரும்போதும் எதிர்க்காத்து" என்று புலம்பினால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். தெருவின் கட்டடங்களும் மரங்களும் கொஞ்சம் தடுத்தது புண்ணியம்.

ஆனால் பாலத்தின் மேல் கட்டடம் கிடையாது. தென்கிழக்கிலிருந்து முகத்துக்கு நேரே அறையும். பாலம் ஐந்து மீட்டர் உயர்கிறது, ஏற்றத்தின் நீளம் 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 கி.மீ. வேகத்தில் ஏற 54 வினாடி. உயரத்துக்கு மட்டும் 65 வாட், காற்றுக்கும் உருளலுக்கும் 60 சொச்சம். மொத்தம் 127. ஒரு நிமிஷத்துக்குத்தானே, பையனால் முடியும். பிரச்சினை வாட் அல்ல, கால் அழுத்தம். அந்த வேகத்தில் பெடல் நிமிஷத்துக்கு 33 சுற்றுதான். ஒவ்வொரு மிதியிலும் அதிகபட்சமாக 35 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தேவைப்படும். உட்கார்ந்தபடி அவ்வளவு கொடுப்பது சிரமம். சீட்டிலிருந்து எழுந்து நின்றால் உடம்பு 50 கிலோவும் பெடலில் இறங்குகிறது. 35-க்கு 50. தாராளமாகப் போதும்.

இதுதான் நான் தேடிய விடை. சென்னை ஒரு சைக்கிள்காரனுக்கு வைக்கிற மிகக் கடினமான பரீட்சை, எதிர்காற்றோடு ஒரு பாலம். அதை எட்டாம் வகுப்புத் தாண்டிய பையன் எழுந்து நின்றே பாஸ் செய்யும்படி 44-க்கு 18 அமைந்திருக்கிறது. தட்டையான ரோட்டில் அதே கியர் சரியாகப் பேச்சு வேகத்தில் ஓடுகிறது. ஊட்டியில் இந்த வண்டி உதவாது. டி.ஐ. இந்தியா முழுக்க விற்ற வண்டிதான் இது, மயிலாப்பூருக்கென்று யாரும் அளவெடுத்துச் செய்யவில்லை. ஆனால் அளவு சட்டை மாதிரி பொருந்திவிட்டது. பால்கனி வண்டியின் கியர்களில் 18 வேறு ஏதோ ஊருக்கானவை.

இரவில் திரும்பும்போது டைனமோ. பாட்டில் மாதிரி இருக்கும் அதைத் தட்டிவிட்டால் டயரில் ஒட்டிக்கொண்டு 'ஙொய்ய்' என்று சத்தம் போடும். 6 வோல்ட், 3 வாட். முன் விளக்குக்கு 2.4, பின்னால் 0.6. இந்த 3 வாட்டைப் பெற நாம் ஏழெட்டு வாட் கொடுக்க வேண்டும், மிச்சமெல்லாம் உரசலிலும் சூட்டிலும் போய்விடும். 50 வாட் சவாரியில் ஆறில் ஒரு பங்கு வரி! வண்டி திடீரென்று கனப்பது மனப்பிரமை அல்ல. இதற்குள் ஒரு அழகான சங்கதி இருக்கிறது. வேகம் கூடினால் வோல்டேஜ் ஏறி பல்பு புகைய வேண்டுமே, ஏன் புகைவதில்லை? வேகம் கூடும்போது மின்னோட்டம் திசை மாறும் அதிர்வெண்ணும் கூடுகிறது. டைனமோவின் காயில் அதிக அதிர்வெண்ணை அதிகமாகத் தடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மின்னோட்டம் அரை ஆம்பியர் பக்கத்திலேயே நின்றுவிடும். ஒரு ரெகுலேட்டர் சிப்பும் இல்லாமல், செம்புக் கம்பியே ரெகுலேட்டர். பி.இ.யில் இதை நான்கு பக்கம் டெரிவேஷனாக எழுதினேன். அது என் சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

குறையே இல்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். பிரேக் சுமார். பால்காரர் வண்டியில் கம்பி இழுத்து ரிம்மின் உட்பக்கத்தில் கட்டை அழுத்தும். எஸ்.எல்.ஆரில் கேபிள் இழுத்து இரண்டு பக்கத்திலும் கவ்வும். கேட்க முன்னேற்றமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிம் குரோம் பூசிய இரும்பு. நனைந்தால் ரப்பர் வழுக்கும், பிரேக் பிடித்துச் சில நொடி கழித்துத்தான் வண்டிக்கு விஷயமே புரியும். நவம்பர் மழையில் லஸ் கார்னர் சிக்னலில் செருப்பைத் தேய்த்து நின்றவர்கள் நிறையப் பேர். அலுமினிய ரிம் இந்த விஷயத்தில் ரொம்ப மேல். சீட்டைப் பற்றியும் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கையை விட்டு ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கிரீன்வேஸ் ரோட்டில், மரநிழலில், ஆளில்லாத மத்தியான நேரத்தில் இரண்டு கையையும் விட்டு வெகுதூரம் போவேன். சக்கரம் சுழல்வதால் பம்பரம் போல நிற்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் எதிர்ப்பக்கம் சுழலும் இன்னொரு சக்கரத்தை வைத்து அந்தப் பம்பர விளைவைக் கழித்துவிட்டு ஓட்டிக் காட்டினார். வண்டி விழவில்லை. முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் ஹேண்டில் அச்சின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதுதான் காரணம் என்றார். 2011-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த இரண்டுமே இல்லாத ஒரு வண்டியைச் செய்து, தானே நிமிர்ந்து ஓட வைத்து, 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எடை எங்கே இருக்கிறது என்பது உள்பட எல்லாம் சேர்ந்துதான் வண்டியை நிறுத்துகிறது, ஒற்றைக் காரணம் கிடையாது. இரு சக்கரத்தில் ஒன்றேகால் நூற்றாண்டு ஓட்டியபின் வந்த முடிவு! இந்திரா நகரில் அந்த ஒரு ரவுண்டில், தெரு முனை திரும்பியதும், நானும் கையை எடுத்துப் பார்த்தேன். நாற்பது அடி போயிருப்பேன். நேராகப் போனது.

கணக்குப்படி பார்த்தால் இதில் செய்ய முடியாதது எதுவுமில்லை. 44 பல் முன் சக்கரம் கிடைக்கிறது, 18 பல் ஃப்ரீவீல் நாற்பது ஐம்பது வருஷமாக எல்லாக் கடையிலும் தொங்குகிறது. 590 ரிம்முக்கு டயர் இன்னும் வருகிறது, லேடீஸ் சைக்கிள்களின் உபயம். அளவெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. யாராவது ஃப்ரேம் பற்ற வைப்பவரிடம் கொடுத்தால் அப்படியே ஒன்றைச் செய்துவிடுவார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அது உங்கப்பா வாங்கினதாகுமாடா?" என்று கேட்டுவிட்டு அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள். அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது.

அதனால் செய்யக் கொடுக்கவில்லை. காயலான் கடைக்குப் போன எல்லா வண்டியும் உருக்கப்படுவதில்லை. ஓடுகிற நிலையில் இருந்தால் கடைக்காரரே தட்டிக்கொட்டி விற்றுவிடுவார், அதில்தான் அவருக்கு நாலு காசு அதிகம். மடத்துக்கடியில் கிடந்தபோதும் என் வண்டி ஓடுகிற நிலையில்தான் இருந்தது, அப்பா மாசம் ஒரு தடவை காற்றடித்து வைத்திருந்தார். எனவே எங்கேயாவது ஒரு இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலோ, கட்டட வேலை நடக்கிற இடத்திலோ, வாட்ச்மேன் அறைக்கு வெளியிலோ நிற்க வாய்ப்பு உண்டு. மயிலாப்பூரிலும் அடையாரிலும் இதுவரை பதினொரு எஸ்.எல்.ஆர் சீட்டுகளுக்கடியில் குனிந்து நம்பர் படித்திருக்கிறேன். தி.நகரை இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. டயர் இரண்டும் ட்யூபும் போன மாசமே வாங்கி வைத்தாச்சு, ஃப்ரேம்தான் பாக்கி.